நாய்களுக்குப் பச்சை இறைச்சி உணவு

மனிதன் நாயை வளர்க்கத் தொடங்கிய காலம் மிகத் தொன்மையானது. ஜெர்மனியில் பான் நகரையடுத்து மனிதர்களுடன் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்த நாயொன்றின் எலும்புகள் சுமார் 14,000 ஆண்டுகள் பழமை வாய்ந்தவை. நம் நாட்டிலும், காஷ்மீரத்தில் பர்ஸஹோம் என்னுமிடத்தில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த பகுதியில், நாய்களைப் புதைத்த குழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இத்தனை நெடுங்காலமாக மனிதனுடன் வாழ்ந்துவரும் இப்பிராணிக்கு உகந்த உணவு யாது என்னும் வினா இன்று மீண்டும் எழுந்துள்ளது.

வீட்டில் மிஞ்சிய உணவை உண்டே நாய்கள் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தன. 1860-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் நாய்களுக்கென்றே ரொட்டி செய்து விற்கலானார். அதன் பின்னர் ஆலைகளில் தயாராகும் உணவு உலகெங்கும் பரவிற்று. இதற்கு எதிர்ப்பாக, 1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை வைத்தியரான இயான் பில்லிங்ஹர்ஸ்ட் வெளியிட்ட நூலொன்று, நாய்க்குப் பச்சை இறைச்சியும் பச்சை எலும்புமே இயற்கை உணவு என வாதித்தது. அக்கருத்து இந்தியாவின் நகரங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. சமைத்த சோற்றை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சிக்கு மாறலாமா என்று நாய் வளர்ப்போர் கால்நடை மருத்துவமனைகளிற் கேட்கின்றனர். கிராமங்களிலோ இவ்வினா எழுவதில்லை. ஆடு அறுக்குமிடத்திற் குடலும் ஈரலும் நாய்களுக்கு எறியப்படுவது அங்கு நெடுநாளைய வழக்கம். நகரத்தின் புதிய பழக்கம், கிராமத்தின் பழைய பழக்கம் ஆகிய இரண்டையும் ஒருசேர ஆராய்தல் நலம்.

ஓநாயும் நாயும்

பச்சை உணவை ஆதரிப்போரின் முதல் வாதம், நாய் ஓநாயின் வழி வந்தது என்பது. இது உண்மையே. ஆயினும் நாய் ஓநாயாகவே இருந்துவிடவில்லை. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 12 ஓநாய்களையும் 60 நாய்களையும் கொண்டு மரபுப் பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். மாவுப்பொருளைச் ஜீரணிக்கும் அமிலேஸ் என்னும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் 2 பிரதிகளே உண்டு. நாய்களிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை காணப்பட்டன. மனிதன் பயிரிடத் தொடங்கி, அவன் உண்ட தானிய உணவின் மிச்சத்தை நாயும் உண்டதன் விளைவாகவே இம்மாறுதல் ஏற்பட்டிருக்க வேண்டுமென அவர்கள் கருதினர்.

ஆகவே, சோறும் ரொட்டியும் நாய்க்கு ஜீரணமாகா என்பது தவறு. நன்கு வெந்த அரிசி, கேழ்வரகு, கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாவுப்பொருளை நாயின் சிறுகுடல் பெரும்பாலும் முழுமையாகவே ஏற்றுக்கொள்ளுகிறது. வேகாத மாவுப்பொருள்தான் எளிதில் ஜீரணமாவதில்லை.

வேறு சில இயல்புகளும் கவனத்திற்குரியவை. பூனையைப் போல நாய் முழு மாமிச பட்சிணியன்று. காய்கறிகளிலுள்ள கரோட்டின் என்னும் பொருளை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் நாய்க்கு உண்டு, பூனைக்கு இல்லை. வைட்டமின் சி-யை நாயின் உடலே உண்டாக்கிக்கொள்ளுகிறது. ஆனால், வெயிலிற் கிடப்பதனால் மட்டும் நாய்க்குப் போதிய வைட்டமின் டி கிடைத்துவிடாது. அதனை உணவின் மூலமே பெறவேண்டும்.

இறைச்சி மட்டும் போதுமா?

மாறுதல் செய்வோர் பலர் இழைக்கும் பெரும் பிழை, வெறும் இறைச்சியையே முழு உணவாகக் கருதுவது. பச்சையாயினும் வெந்ததாயினும் இப்பிழையின் விளைவு ஒன்றே. ஒரு கிலோ எலும்பற்ற இறைச்சியில் உள்ள சுண்ணாம்புச் சத்து சுமார் 100 மில்லிகிராம்தான். பாஸ்பரஸோ அதில் 15 முதல் 20 மடங்கு வரை இருக்கும். நாயின் உடலுக்கு வேண்டுவதோ, பாஸ்பரஸின் அளவுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ சுண்ணாம்புச் சத்து ஆகும். 1,000 கலோரி உணவுக்குச் சுமார் 1¼ கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்பது வளர்ந்த நாய்களுக்கு வகுக்கப்பட்டுள்ள அளவு.

உணவில் இச்சத்துக் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு தாழாமற் காக்கும்பொருட்டு, கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சுரப்பிகள் மிகுதியாகச் சுரந்து, எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கின்றன. குட்டிகளில் இதன் தீங்கு சில வாரங்களிலேயே வெளிப்படும். கால்கள் வளையும், குட்டி நொண்டும், தொட்டால் வலியால் கத்தும், சிறிது குதித்தாலும் எலும்பு முறியும். விலையுயர்ந்த இறைச்சியை நாள்தோறும் வாங்கிக் கொடுத்த வீட்டிலேயே இவ்வாறு நேர்வதனால், காரணம் உணவுதான் என்பதை வளர்ப்போர் எளிதில் நம்புவதில்லை.

வேறு மூன்று குறைகளும் உண்டு. பச்சை மீன் சிலவற்றில் தையமின் என்னும் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உள்ளது. மீனை வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு, பயோட்டின் என்னும் வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலுக்குக் கிட்டாமற் செய்யும். முட்டையை வேகவைத்தால் இக்குறையும் நீங்கும். ஈரலை மிகுதியாக நெடுநாள் கொடுத்தாலோ வைட்டமின் ஏ அளவுகடந்து, எலும்பின் மூட்டுகள் இறுகும்.

ஆதரிப்போர் கூறும் நன்மைகள்

பச்சை உணவினால் மலம் குறைகிறது, ரோமம் பளபளக்கிறது, பற்கள் தூய்மையாகின்றன என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. இறைச்சி பெரும்பகுதி ஜீரணமாவதனால் மலம் குறையும். கொழுப்பு மிகுந்த உணவினால் ரோமம் மினுமினுக்கும். பச்சை எலும்பைக் கடிக்கும் நாயின் பல்லில் காறை குறைவதும் ஆராய்ச்சியிற் காணப்பட்டுள்ளது. ஆனால் முதலிரண்டு நன்மைகளும் வெந்த இறைச்சியாலும் கிடைப்பவை. மூன்றாவதற்கு விலையும் உண்டு. கெட்டியான கால் எலும்பைக் கடிப்பதனாற் கடைவாய்ப் பல் பிளப்பதும், எலும்புத் துண்டு தொண்டையிலோ குடலிலோ சிக்குவதும் கால்நடை வைத்தியர்கள் அடிக்கடி காண்பவை. வெந்த எலும்பு இன்னும் கொடியது. அது கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆதலின் கோழிக் குழம்பின் எலும்பை நாய்க்கு இடும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள்

பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர், லிஸ்டீரியா முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். கானடா நாட்டில் 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கோழியிறைச்சியைப் பச்சையாக உண்ட 10 நாய்களின் உணவிலும் மலத்திலும் சோதனை செய்யப்பட்டது. உணவு மாதிரிகளில் நூற்றுக்கு 80-இலும், மல மாதிரிகளில் நூற்றுக்கு 30-இலும் சால்மொனெல்லா இருந்தது. இதில் நுட்பமானதொரு செய்தி உண்டு. இக்கிருமியைச் சுமக்கும் நாய் பெரும்பாலும் நோயுறுவதில்லை, ஓடியாடித் திரியும். அதன் மலம், வாய், உணவுத் தட்டு ஆகியவற்றின் வழியே கிருமி வீட்டிற் பரவும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயால் நலிந்தோர் ஆகியோரே இதனால் மிகவும் பாதிக்கப்படுவர். அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கம் 2012-இல் பச்சை இறைச்சி உணவுக்கு எதிராகக் கருத்துத் தெரிவித்தமைக்கு இதுவே முதற் காரணம்.

கால்நடைகளுக்கும் கேடு உண்டு. நியோஸ்போரா என்னும் நுண்ணுயிரை 1988-இல் ஜிதேந்திர துபே என்னும் இந்தியாவிற் பிறந்த விஞ்ஞானியும் அவர்தம் குழுவினரும் இனங்கண்டு பெயரிட்டனர். அவ்வுயிர் தன் வளர்ச்சியை நாயின் குடலிலேயே நிறைவு செய்கிறது என்பது 1998-இல் தெளிவாயிற்று. மாட்டின் நஞ்சுக்கொடியையோ பச்சை இறைச்சியையோ தின்ற நாய், தன் மலத்தால் தீவனத்தையும் நீரையும் கெடுக்க, அதனை உட்கொண்ட சினைப் பசு கன்றை வீசிவிடும். பசு ஈன்றதும் நஞ்சுக்கொடியை நாய்க்கு எட்டாதபடி புதைக்கவேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

நாடாப்புழுவும் நீர்க்கட்டியும்

பச்சை இறைச்சியால் வரும் கேடுகளில் நம் நாட்டிற்கு மிக முக்கியமானது ஹைடாடிட் என்னும் நீர்க்கட்டி நோய். இதனை உண்டாக்குவது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு. நாடாப்புழு என்றதும் பல முழ நீளமுள்ள புழுவே நினைவிற்கு வரும். இதுவோ ஓர் அரிசியின் நீளமே உள்ளது. மூன்று நான்கு கணுக்களே கொண்டது. ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் நோயுற்றதாகத் தோன்றாது.

புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து புல்லிலும் நீரிலும் மண்ணிலும் கலக்கின்றன. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடங்களிற் பல மாதங்கள் அவை உயிருடன் இருக்கும். மேயும் ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் வயிற்றுட் சென்ற முட்டை பொரிந்து, ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி, நீர் நிறைந்த கட்டியாக வளர்கிறது. அக்கட்டியினுள் மணல் போன்று காணப்படுபவை யாவும் புழுவின் இளந்தலைகள். அந்த ஈரலைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அவை ஒவ்வொன்றும் ஒரு புழுவாகி, ஆறேழு வாரங்களில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். இவ்வாறு சங்கிலி சுழல்கிறது. ஆட்டின் கட்டியை நாய்க்கு ஊட்டிப் புழுவை உண்டாக்கிக் காட்டி இச்சங்கிலியை மெய்ப்பித்தவர், 1850-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி ஸீபோல்ட் ஆவார்.

மனிதன் இச்சங்கிலியில் தற்செயலாக அகப்படுபவன். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பதாலும், கழுவாத கீரை காய்களாலும், கெட்ட நீராலும் முட்டை அவன் வயிற்றை அடைகிறது. கட்டி பெரும்பாலும் ஈரலிலும், அடுத்தபடியாக நுரையீரலிலும் உண்டாகும். அது மெதுவாக வளர்வதனால், சிறு வயதில் ஏற்பட்டது நடுவயதிலேயே வெளிப்படலாம். கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சையும் மாதக் கணக்கில் மருந்தும் தேவைப்படும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். கட்டியுள்ள ஈரலை உண்பதால் மனிதனுக்கு இந்நோய் வருவதில்லை. அதை நாய் உண்பதனாலேயே வருகிறது. ஆதலால், தமக்கு வேண்டாமென்று ஒதுக்கிய கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிபவர், நோயைத் தம் வாயிற்படிக்கே அழைத்து வருகிறார்.

ஐஸ்லாந்து கற்பித்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் மிகக் கொடுமையாக நிலவிய நாடு ஐஸ்லாந்து. அங்கு ஆடுகளும் நாய்களும் மிகுதி. 1863-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே அங்கு சென்று நாய்களை அறுத்துச் சோதித்தார். நூற்றுக்கு 28 நாய்களில் இப்புழு இருந்தது. அடுத்த ஆண்டே, நோய் வரும் வழியையும் தடுக்கும் வழியையும் எளிய நடையில் விளக்கிய சிறு நூலொன்று ஐஸ்லாந்து மொழியில் அச்சிடப்பட்டு, வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் நீண்ட குளிர்கால இரவுகளில் குடும்பத்துடன் கூடியிருந்து நூல் வாசிக்கும் வழக்கமுடையவர்கள். அதனால் அச்செய்தி ஒவ்வொரு பண்ணைக்கும் எட்டிற்று. 1869-இல் நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1890-இல் ஆண்டுதோறும் நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்கவும் கட்டியுள்ள உறுப்புகளை அழிக்கவும் பணிக்கும் சட்டமும் வந்தன. பின்வந்த தலைமுறைகளில் நோய் படிப்படியாக அருகி, நாட்டை விட்டே அகன்றது.

இக்காலத்தைப் போன்ற சிறந்த புழு மருந்து அன்று இல்லை. நாய்க்குப் பச்சை ஈரலும் நுரையீரலும் கொடுக்கலாகாது என்னும் அறிவு வீடுதோறும் சென்றதே வெற்றிக்கு அடிப்படை. நியூஸீலந்து 1959-இல் தனிச் சட்டம் இயற்றி இதே வழியைப் பின்பற்றி, 2002-இல் நோய் நீங்கிய நிலையை அடைந்ததாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவு 1996-இல் அந்நிலையை எய்திற்று.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தெரு நாய்கள் மட்டும் சுமார் 1.53 கோடி. பெரும் ஆட்டு மந்தைகளும் எருமைகளும் உள்ள நாடு இது. முறையான அறுவைக்கூடத்திற்கு வெளியே, சாலையோரத்திலும் திருவிழாக்களிலும் ஆடு அறுப்பதும் பரவலாக உள்ளது. சங்கிலியின் கண்ணிகள் யாவும் இங்கு அருகருகே அமைந்துள்ளன. ஆகவே, ஐரோப்பிய நகரத்தில் உறையவைத்து விற்கப்படும் இறைச்சியைக் கொண்டு எழுதப்பட்ட யோசனைகளை, சோதிக்கப்படாத இறைச்சி விற்கும் நம் ஊர்க் கடைக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

உறையவைப்பதைப் பற்றியும் தெளிவு வேண்டும். சுழிக்குக் கீழ் 20 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஒரு வாரத்திற்கு மேல் உறைந்த இறைச்சியில் நீர்க்கட்டியின் இளந்தலைகள் மடியும். ஆயின் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் உறைவதனால் அழிவதில்லை. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் சிறிய பனி அறையோ அந்தக் குளிர்ச்சியையே எட்டுவதில்லை. இவ்விரு கேட்டையும் ஒருங்கே நீக்க எவரும் கைக்கொள்ளத்தக்க வழி, நன்கு கொதிக்க வைத்தலேயாகும். ஈரல், நுரையீரல் போன்ற உறுப்புகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அரைமணி நேரத்திற்குக் குறையாமற் கொதிக்க வைப்பது நல்லது.

உணவை மாற்றும் முறை

ஆலை உணவிலிருந்தோ வெறும் பால்சோற்றிலிருந்தோ இறைச்சி கலந்த வீட்டு உணவுக்கு மாற விரும்புவோர் அதனைப் படிப்படியாகச் செய்தல் வேண்டும். முதல் மூன்று நாட்கள் புதிய உணவு கால் பங்கு. அடுத்த மூன்று நாட்கள் அரைப் பங்கு. அதற்கடுத்த மூன்று நாட்கள் முக்கால் பங்கு. பத்தாம் நாள் முழுவதும். இடையே பேதி கண்டால் முந்திய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரி தேவைப்படும். இதற்கு வெந்த கோழியிறைச்சி 250 கிராம், சோறு 350 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, வெந்த காரட், பூசணி போன்ற காய் 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்பது உத்தேசக் கணக்கு. இதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கோழிமுட்டை ஓடு ஒன்றில் அச்சத்து சுமார் 2 கிராம் உண்டு. ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து உலர்த்தி, மாவாக அரைத்து, பாதி ஓட்டிற்குச் சற்று மிகுதியான அளவு கலந்தால் அன்றாடத் தேவை நிறைவேறும். இறைச்சி சமைக்காத வீடுகளில் முட்டை, தயிர், நன்கு வெந்த பருப்பு ஆகியவற்றைக் கொண்டு புரதத்தைச் சேர்க்கலாம். சோறும் பாலும் மட்டும் போதா. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

இக்கணக்கும் முழுமையானதன்று. கலிபோர்னியாவில் 2013-இல் 200 வீட்டுச் சமையற் குறிப்புகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 95-இல் ஏதேனுமொரு சத்துக் குறைந்திருந்தது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி ஆகியவற்றிற்குக் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி தாது உப்புக் கலவை சேர்த்தல் அவசியம். வளரும் குட்டிக்கும் சினையுற்ற நாய்க்கும் வீட்டுக் கணக்கை நம்புதல் கூடாது.

எவ்வளவு கூறினும் பச்சை இறைச்சியே கொடுப்போம் என்பாரும் இருப்பர். அவர்கள் சோதிக்கப்பட்ட இறைச்சியையே வாங்கி, போதிய குளிர்ச்சியில் உறையவைத்து, நாயின் தட்டைத் தனியே கழுவி, சோப்பிட்டுக் கைகழுவி, மலத்தை அன்றன்றே அகற்றுவது இன்றியமையாதது. குழந்தைகள் உள்ள வீட்டில் இப்பழக்கத்தைத் தவிர்ப்பதே முறை. நாடாப்புழுவிற்கு பிராஸிகுவாண்டெல் என்னும் மருந்து பயனுள்ளது. ஆயினும் அது புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. மீண்டும் பச்சை ஈரல் தின்றால் மீண்டும் புழு உண்டாகும்.

களத்திலும் வகுப்பறையிலும்

களப்பணியாளர் கிராமத்தில் மூன்று செய்திகளை வற்புறுத்தலாம். முதலாவது, கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் எரித்தோ, நாய் தோண்ட இயலாத ஆழத்திற் புதைத்தோ அழிப்பது. இரண்டாவது, ஆட்டுக் கிடைக்குக் காவலாக இருக்கும் நாய்களுக்குக் கால்நடை மருந்தகத்தின் உதவியால் முறையாகப் புழு மருந்து கொடுப்பது. மூன்றாவது, ஆடு அறுக்குமிடத்தை வேலியிட்டு நாய்கள் நுழையாமற் காப்பது. இறைச்சிக் கடைக்காரரிடம் அன்புடன் பேசி அவரைத் துணையாகக் கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். கட்டியை முதலிற் காண்பவர் அவரே.

ஆசிரியர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டலாம். கழுவிய கோழிக்கால் எலும்பொன்றைக் காடி நிறைந்த கண்ணாடிக் குடுவையில் ஒரு வாரம் ஊறவிட்டால், அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்து, எலும்பு ரப்பரைப் போல வளையும். வெறும் இறைச்சி தின்ற குட்டியின் கால் வளைவதேன் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. கரும்பலகையில் நாய், ஆடு, புல் ஆகிய மூன்றையும் வட்டமாக வரைந்து, எந்த இடத்திற் கோட்டை அழித்தால் வட்டம் அறுபடும் என்று மாணவர்களைக் கேட்கலாம். நாயைத் தொட்ட பின்னும் உண்ணும் முன்னும் கைகழுவும் பழக்கம் அவர்கள் வழியே வீட்டிற்குச் செல்லும்.

நாயின் உணவு, அதனை வளர்க்கும் வீட்டாரின் சொந்த விஷயம் மட்டுமன்று. அந்நாய் திரியும் தெரு, அதன் அருகே மேயும் மந்தை, அதனுடன் விளையாடும் குழந்தை ஆகிய யாவற்றின் நலமும் அதிற் கலந்துள்ளது. அடுப்பில் அரைமணி நேரம் எரியும் தீ, பின்னாளில் ஒரு குழந்தைக்குத் தேவைப்படும் அறுவை சிகிச்சையைத் தவிர்க்கும் எனின், அது சிறிய செலவேயாகும்.